அப்பா பெயரில் கிடந்த பணம்

நேற்று ராத்திரி தூக்கம் வராமல், கேட்பாரற்ற பணம் ஏதாவது கிடக்கிறதா என்று கலிபோர்னியா மாநிலக் கன்ட்ரோலரின் இணையதளத்தில் என் பெயரைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நம்ம ஊர்ப் பெயர்தான் இங்கே படாதபாடு படுமே! என் பெயருக்கு முன்னால் அப்பா பெயரைப் போட்டுத் தேடினேன். வந்து நின்றது: 86 டாலர். பழைய ஃப்ரீமாண்ட் வீட்டுக் கரண்டுக்குக் கட்டிய டெபாசிட். வீடு மாறியபோது அதைத் திருப்பித் தந்த செக் பழைய முகவரிக்கே போயிருக்கும்போல.

அப்பா ஒருமுறைகூட அமெரிக்கா வந்ததில்லை. பெயர் மட்டும் இத்தனை வருஷம் மாநில அரசின் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே டெபாசிட், வங்கிக் கணக்கெல்லாம் பெரும்பாலும் 3 வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தால், நிறுவனம் அதை மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டும். சம்பள பாக்கிக்கு 1 வருஷம்தான். திரும்பக் கேட்கக் கெடுவும் இல்லை, கட்டணமும் இல்லை. “எடுத்துத் தருகிறோம், 10 சதவீதம் கொடுங்கள்” என்று கடிதம் வந்தால் குப்பையில் போடுங்கள். நீங்களே செய்யக்கூடிய வேலைதான் அது.

கலிபோர்னியாவில் இருந்தவர்கள் இன்றைக்கே தேடுங்கள். இனிஷியலை விரித்து, முன்பின்னாக மாற்றி, எழுத்துப் பிழையோடும் ஒருதரம்.