பன்னிரண்டு வருட அவசரம்

"தாத்தா, 12 வருசம் துப்பாக்கிச் சண்டை நடந்திருக்கு. அதைப் போர்னு சொல்லாம ஏன் அவசரகாலம்னு எழுதியிருக்காங்க?"

சரித்திரப் பாடம் படித்துக்கொண்டிருந்த என் பேத்தி இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலஞ்சென்ற என் தாயாரும் இதையேதான் கேட்பார். "அவசரமாம் அவசரம்! பன்னண்டு வருசம் நடந்தா அதுக்குப் பேரு அவசரமா?"

நான் 1951இல் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தாயார் கணக்கில் அது 'லயத்தைச் சுத்தி முள்ளுக்கம்பி அடிச்ச வருசம்'.

ஜப்பான்காரன் போன பிறகு தோட்டத்தில் அரிசிப் பஞ்சம்; கூலியோ போதாது. ஆகவே தொழிற்சங்கங்கள் வேகமாக வளர்ந்தன. அவற்றில் பல கம்யூனிஸ்டுக் கட்சியின் செல்வாக்கில் இருந்தன. என் தகப்பனாரும் சந்தா கட்டிய உறுப்பினர்தான். 1948 ஜூனில் அரசாங்கம் தொழிற்சங்கச் சட்டத்தை இறுக்கியது. அதே மாதம் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் நாடு முழுவதும் அவசரகாலம் வந்தது.

போர் என்று சொன்னால் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் ஏற்படும் நஷ்டத்துக்கு லண்டன் காப்புறுதிக்காரர்கள் பணம் தரமாட்டார்கள். அதனால்தான் இந்தப் பெயர் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். காட்டில் இருந்தவர்களோ தங்கள் போராட்டத்தைத் தேசிய விடுதலைப் போர் என்றார்கள். ஜப்பானியரை எதிர்த்தபோது பிரிட்டிஷாரிடமே ஆயுதம் வாங்கியவர்கள் அவர்கள். அவர்களின் தலைவர் சின் பெங்குக்குப் பிரிட்டிஷ் அரசாங்கம் விருதும் கொடுத்திருந்தது. பிறகு அவர்களே 'கொள்ளைக்காரர்' ஆனார்கள். 1952 முதல் 'கம்யூனிஸ்டு பயங்கரவாதி' ஆனார்கள்.

பெயர் வைத்தவர்கள் பெரியவர்கள். நடுவில் அகப்பட்டவர்கள் நாம். இரவில் காட்டிலிருந்து வந்து அரிசி கேட்பார்கள். கொடுக்காவிட்டால் உயிருக்குப் பயம்; கொடுத்தால் போலீசுக்குப் பயம்.

அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அன்றிரவே தகப்பனார் தம்முடைய சங்கச் சீட்டுகளை அடுப்பில் போட்டு எரித்துவிட்டாராம். 'சங்கக்காரன்' என்பது அதுவரை மரியாதையான பெயர். அதன் பிறகு அந்தச் சொல்லை அவர் தணிந்த குரலில்தான் சொல்வார். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் சேர்ந்தார்கள். அவர் மட்டும் வெகுகாலம் தயங்கினார்.

எனக்கே நினைவிருப்பது கேட்டில் நடந்த சோதனை. காட்டுக்கு உணவு போகக்கூடாது என்று, பால்வெட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட எடுத்துச் செல்ல முடியாது. விடியுமுன் பெரட்டுக்குப் போன தகப்பனார், வேலை முடிந்து கம்பிவேலிக்குள் திரும்பிய பிறகுதான் பசியாறுவார். காலி வாளியைக்கூடக் கவிழ்த்துப் பார்ப்பார்கள்.

1960 ஜூலையில் அவசரகாலம் முடிந்தது. காட்டில் எஞ்சியிருந்தவர்களுடன் 1989 டிசம்பரில் ஹாட்யாயில் ஒப்பந்தமும் ஆனது. என் தகப்பனாருக்கு மட்டும் அது முடியவில்லை. நாங்கள் பட்டணத்துக்குக் குடிவந்த பிறகு ஒரு தைப்பூசத்துக்குத் தாயார் புளிச்சோறு கட்டினார். வாசலைத் தாண்டும்போது தகப்பனார் அந்தப் பொட்டலத்தை வாங்கித் திரும்பவும் உள்ளே வைத்துவிட்டார். "சோத்தை வெளிய கொண்டுபோவாதே." அவ்வளவுதான் சொன்னார். கை நடுங்கியது.

பேத்தியிடம் சொன்னேன்: "பரீட்சையில் அவசரகாலம் என்றே எழுதம்மா. ஆனால் உன் பூட்டன் பசியோடு பால் வெட்டிய காலம் அது என்பதையும் மறந்துவிடாதே."