வேலியும் நிலமும்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ஆம் ஆண்டு ஆங்கிலக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, எல்லையைக் கயிறு பிடித்து அளக்கவில்லை. பீரங்கியைத் திசைதோறும் சுட்டார்கள். குண்டு விழுந்த தூரம்வரை தங்களுடையது என்றார்கள். அவ்வாறு அகப்பட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. அந்த அளவையை எண்ணி நகைக்கும் தகுதி நமக்கில்லை. கயிறு பிடித்து அளந்தே நாம் ஒருமுறை பெரும் பிழை செய்திருக்கிறோம்.

அப்போது நாம் சிதம்பரத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்துக் கொண்டிருந்தோம். செவ்வகத்தின் சுற்றளவைக் கற்பிக்க வந்த கணக்காசிரியர், கோயிலைச் சூழ்ந்த நான்கு தேர் வீதிகளைக் கரும்பலகையில் வரைந்தார். "கீழவீதிக்கு எதிரே மேலவீதி, தெற்கு வீதிக்கு எதிரே வடக்கு வீதி. ஆகவே நீளம் ஒன்றையும் அகலம் ஒன்றையும் கூட்டி, இரண்டால் பெருக்கினால் போதும்" என்றார். அன்று மாலையே வீதிகளைக் காலடியால் அளந்து பார்த்து மகிழ்ந்தோம்.

விடுமுறைக்குக் கடலூர் சென்றோம். அடுத்தடுத்திருந்த இரண்டு நிலத்துண்டுகளைப் பாட்டனார் தம் வாழ்நாளிலேயே வாப்பாவுக்கும் மாமிக்கும் சமமாகக் கொடுத்துவிட எண்ணியிருந்தார். ஒன்று 60 அடிக்கு 40 அடி. மற்றது 80 அடிக்கு 20 அடி. "படிக்கிற பிள்ளை கணக்குப் பார்க்கட்டும்" என்றார். இரண்டுக்கும் சுற்றளவு 200 அடி! "இம்மியும் வித்தியாசமில்லை" என்று அறிவித்தோம். கணவரை இழந்திருந்த மாமி நம் தலையைத் தடவிக் கொடுத்து, நீண்ட துண்டை ஏற்றுக் கொண்டார். வேலி கட்டியவரும் இரண்டுக்கும் ஒரே கூலிதான் கேட்டார்.

அடுத்த மாதம் பரப்பளவுப் பாடம் வந்தது. பெருக்கிப் பார்த்தோம். வாப்பாவுடையது 2,400 சதுர அடி, முழுதாக ஒரு மனை. மாமியுடையது 1,600 சதுர அடிதான். நெஞ்சு திடுக்கிட்டது. சொன்னால் நம் வீட்டுக்கு நட்டம்; சொல்லாவிட்டால் மாமிக்கு. அந்தக் கணக்கைப் போட நமக்குப் பல நாள் பிடித்தது.

மறுமுறை ஊர் சென்றபோது, நோட்டுப் புத்தகத்தை வாப்பாவின் முன் விரித்து வைத்தோம். நெடுநேரம் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பொதுவேலியைப் பிடுங்கி, அதன் 40 அடி நீளத்துக்கும் பத்தடி தம் பக்கம் தள்ளி நட்டார். இருவருக்கும் 2,000 சதுர அடி ஆயிற்று.

பிள்ளைகளுக்குச் சுற்றளவைச் சொல்லிக் கொடுக்கும் பெற்றோர், அதே மூச்சில் பரப்பளவையும் சொல்லி வைப்பது நல்லது. வேலியின் நீளம் உள்ளிருக்கும் நிலத்தைச் சொல்லாது.

காரணம் கேட்ட மாமியிடம் வாப்பா, "பழைய அளவில் பிழை, ராத்தா" என்று மட்டுமே சொன்னார். பிழை யாருடையது என்று கடைசிவரை சொல்லவேயில்லை.