இருபது மார்க்

புளியந்தோப்புப் பக்கம் படித்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். காற்று திரும்பினால் ஆடுதொட்டி வாடை வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். புதிதாக மாற்றலாகி வந்த டீச்சர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்துவார்கள். நாங்கள் கமுக்கமாகச் சிரிப்போம். போகப்போக அவர்களுக்கும் பழகிவிடும். பின்னி மில் சங்குக்கு எழுந்து, சங்குக்குச் சாப்பிட்டு வளர்ந்த பேட்டை அது. எங்கள் கார்ப்பரேஷன் பள்ளியின் மணியை யார் மதித்தார்கள்! 1996இல் மில் மூடிய பிறகு சங்கும் நின்றது, சம்பளமும் நின்றது. அப்பாக்கள் ஆட்டோ ஓட்டப் போனார்கள். பிள்ளைகள் மெக்கானிக் ஷெட்டுக்கும் லேத் பட்டறைக்கும் போனார்கள். பத்தாம் வகுப்பு அட்டெண்டன்ஸில் பேர் இருக்கும், பெஞ்சில் ஆள் இருக்காது. ரிசல்ட் வந்தால் பாஸானவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தச் சமயத்தில் வந்தவர்தான் எச்.எம். அம்மா. மேடைப் பேச்சு எதுவும் கிடையாது. விடிந்ததும் பி.டி. சாரைச் சந்துசந்தாக அனுப்பிவிடுவார். சார் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, "இன்னாமா, பையன் எங்க?" என்பார். குழாயடியில் குடத்தோடு நிற்கிற அம்மா, "தோ வர்றான் சார்" என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

சாயந்தரமானால் ஸ்பெஷல் கிளாஸ். கணக்கே ஏறாத எங்களைத் தனியாக உட்காரவைத்துக் கணக்கு சார் செய்முறை வடிவியலும் கிராஃபும் மட்டுமே போடவைப்பார். அப்போது அதற்குப் பத்து, இதற்குப் பத்து, பாஸுக்கு 35. "இந்த இருபதை எடுத்துட்டா மீதி பதினஞ்சுதாண்டா" என்பார். பென்சிலைச் சீவி, முனையைத் தன் கட்டைவிரல் நகத்தில் ஒருதரம் தேய்த்துப் பார்த்துத்தான் கையில் கொடுப்பார். முதலில் உதவிப்படம், அப்புறம் காம்பஸ். தொடுகோடு வட்டத்துக்குள் ஒரு மயிரிழை புகுந்தாலும் ரப்பரை நீட்டுவார். இருட்டுகிற நேரத்தில் சத்துணவு ஆயா தூக்குவாளியில் சுண்டல் கொண்டுவருவார். தேங்காய்ப் பல் யாருக்கு அதிகம் விழுந்தது என்று அங்கே ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றால் பள்ளிதான் நிவாரண முகாம். பாயும் பாத்திரமுமாகக் குடும்பங்கள் வந்து இறங்கும். எச்.எம். அம்மாவுக்கு அது இன்னும் வசதி. வீட்டோடு வந்து மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு ராத்திரியும் வகுப்பு. ஈரத்துணி காய்கிற வாடைக்கு நடுவே ஒருவர் வாய்விட்டுப் படிக்க, கைக்குழந்தை தூங்கமாட்டாமல் அழும்.

வருஷத்துக்கு வருஷம் பாஸ் கூடியது. ஷெட்டுக்குப் போனவர்களில் சிலர் கிரீஸ் கையோடு திரும்பி வந்தார்கள். பெண்ணைப் பாதியில் நிறுத்திய வீடுகள் அதன் தங்கையைப் ப்ளஸ் டூ வரை அனுப்பின.

இப்போது போனால் வாசலில் 'சென்னை மேல்நிலைப் பள்ளி' என்று பலகை. டைல்ஸ் தரை, ஸ்மார்ட் கிளாஸ். மில் நிலத்தில் அடுக்குமாடி. கேட்டோரம் மாங்காய்ப் பத்தை விற்ற கிழவி இல்லை, கணக்கு சார் இல்லை. ஆயா இருந்த குடிசை வரிசையே இல்லை. ஹாலில் மட்டும் ஆண்டுவாரியாக முதல் மதிப்பெண் பெற்றவர்களின் பட்டியல் தொங்குகிறது. எங்கள் செட்டுப் பேர்களை அதில் தேடாதீர்கள். பள்ளி நிமிர்ந்தது 36ம் 38ம் வாங்கிக் கரையேறியவர்களால். அந்தக் கணக்கைச் சொல்ல அங்கே இன்று ஒருவரும் மிச்சமில்லை.