இரை தீரும் வரை

தூண்டிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் முள்ளைப் பற்றிப் பேசுவார்கள், மீனைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இரையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சூது அதிகாரத்தின் முதற்குறளில், சூதில் கிட்டும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். அங்கும் இரும்பே பேசப்படுகிறது. அதை மறைத்திருக்கும் இரையை உரைகாரர்தாம் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. இவ்வகையில் ஹெமிங்வே ஒரு விதிவிலக்கு. 1952இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற குறுநாவலில் கிழவர் 40, 75, 100, 125 பாகம் என நான்கு ஆழங்களில் இரையை இறக்குகிறார். முள்ளின் தண்டு இரைமீனின் உடலுக்குள் மறைந்திருப்பதும், வெளியே தெரியும் வளைவைப் பச்சை மத்திகள் மூடியிருப்பதும் அங்கே பொறுமையாகச் சொல்லப்படுகின்றன. அந்தப் பக்கங்களை வேகமாகக் கடந்துவிடுபவர்கள் உண்டு. நாங்களும் ஒருகாலத்தில் அப்படித்தான் வாசித்தோம். இரையைக் கையால் செய்யத் தொடங்கிய பிறகு, அந்த நாவலில் எங்களுக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் அவையே ஆயின.

மே மாதத்தில் ஒரு வாரம் தரங்கம்பாடியில் தங்குவது எங்கள் குடும்பங்களின் வழக்கம். நாங்கள் என்றால் உடன்பிறந்தோர் மூவர், எங்கள் துணைவர்கள், ஐந்து பிள்ளைகள். டேனியர்கள் 1620இல் எழுப்பிய கோட்டையைப் பிள்ளைகள் முதல் நாளிலேயே பார்த்து முடித்துவிடுவார்கள். எஞ்சிய நாள்கள் கடற்கரைக்கு உரியவை. அலையைத் தடுக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்ட இடமும் அதையடுத்த மணற்பரப்பும் எங்கள் தூண்டில் துறை. எங்களிடம் விலையுயர்ந்த கருவிகள் கிடையா. மரக்கட்டையில் சுற்றிய நரம்பு, ஓர் ஈயக்குண்டு, இரண்டு முள், அவ்வளவுதான். மணற்பக்கம் கிழங்கான் கிடைக்கும். கற்களின் இடுக்கில் கெளிறு கிடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் பாரைக் குஞ்சுகள் வரும்.

நாங்கள் போய் இறங்குகிற மாதத்தில்தான் சிக்கல் இருக்கிறது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 2001இல் 45 நாள்களாகத் தொடங்கிய இத்தடை, 2017 முதல் 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. மீன்கள் இனம் பெருக்கும் பருவம் என்பது காரணம். விசைப்படகுகள் துறைமுகங்களில் வரிசையாகக் கட்டப்பட்டுக் கிடக்கும். நாட்டுப்படகுகள் கொண்டுவருவது மட்டுமே சந்தைக்கு வரும் என்பதால் விலை ஏறியிருக்கும். உண்பதற்கே யோசித்து வாங்கவேண்டிய இறாலை வாங்கி, முள்ளில் குத்திக் கடலுக்கே திருப்பிக் கொடுக்க வீட்டில் எவருக்கும் மனம் வரவில்லை. ஆகவே எங்களுக்குள் ஒரு விதி பிறந்தது. சமையலுக்கு வாங்கியதில் எது கழிகிறதோ அதுவே இரை.

இந்த விதி எங்களைக் கட்டிப்போடும் என்று முதலில் எண்ணினோம். நடந்தது வேறு. இறாலில் நாம் எறியும் தலையும் ஓடுமே மீனை அதிகம் ஈர்ப்பவை. மீனுக்கு மணம் என்பது நீரில் கரைந்து வருவது. நீரில் கரையாத மணத்தால் பயனில்லை. இறால், கணவாய் போன்றவற்றின் உடலில் கிளைசின் முதலிய அமினோ அமிலங்களும் பீட்டெயின் என்ற பொருளும் நிறைய உள்ளன. இவை நீரில் எளிதில் கரையும். பல மீன்கள் இவற்றை உணவின் அடையாளமாக உணர்கின்றன. கெளிற்றுக்கு நாவில் மட்டுமன்றி மீசையிலும் உடல் முழுதும் சுவை மொட்டுகள் உண்டு. இரை எங்கே இருக்கிறது என்பதைக் கலங்கிய நீரிலும் அது உடலால் சுவைத்தே கண்டுபிடித்துவிடும். சோற்றையும் குழம்பையும் மணத்தால் மதிப்பிடும் நம் மூக்கு இங்கே நீதிபதியாக முடியாது. சிலர் மாவில் ஏலக்காயும் வெனிலாவும் சேர்க்கிறார்கள். அவை நம்மைத்தான் மகிழ்விக்கின்றன என்பது எங்கள் ஐயம்.

மாவு இரை செய்யும் முறை இது. ஒரு கை நிறைய இறால் தலையையும் ஓட்டையும் சிறிது நீரில் கால்மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டவேண்டும். அந்த நீரைக் கொட்டிவிடக் கூடாது. கரையக்கூடிய சத்தெல்லாம் அதில்தான் இறங்கியிருக்கிறது. வெந்த ஓட்டை வாணலியில் ஈரம் போக வறுத்து அம்மியிலோ மிக்சியிலோ பொடித்துக்கொள்ளலாம். இரண்டு பங்கு கோதுமை மாவு, ஒரு பங்கு மைதா, ஒரு பங்கு ஓட்டுப்பொடி, ஒரு பிடி உப்பு. வடித்த நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துச் சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசையவேண்டும். அரிசி மாவு உதவாது. கோதுமையில் உள்ள பசைத்தன்மை அதில் இல்லையாதலால் முதல் அலையிலேயே கரைந்து போகும். கடைசியாக, விரலால் பிய்த்து மெல்லிய இழைகளாக்கிய பஞ்சைச் சேர்த்து மீண்டும் பிசையவேண்டும். மண்சுவருக்கு வைக்கோல் எப்படியோ அப்படித்தான் இந்த மாவுக்குப் பஞ்சு. சுண்டைக்காய் அளவில் உருட்டிக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் மேற்புறம் இறுகி, முள்ளில் நெடுநேரம் நிற்கும்.

மத்திக்கு வேறு வைத்தியம். வலையில் நசுங்கி விலைபோகாத மத்தியைக் கரையிலேயே குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். அதன் எண்ணெய்ப் பசையும் மணமும் மீன்களுக்கு மிகவும் பிடித்தமானவை. ஆனால் சதை மென்மையானது. வீசும்போதே முள்ளைவிட்டுப் பறந்துவிடும். இதற்கு வழி கல்லுப்பு. முள்ளெடுத்த சதையை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு தட்டில் உப்பு, சதை, உப்பு என அடுக்கி இரவு முழுவதும் நிழலில் வைத்தால், உப்பு ஈரத்தை உறிஞ்சிச் சதையைத் தோல் போல உறுதியாக்கிவிடும். காலையில் தட்டைச் சாய்த்தால் அரைக் குவளை நீர் வழியும். அப்போதும் நம்பிக்கையில்லை என்றால் தையல் நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி முள்ளோடு கட்டிவிடலாம். கணவாயைச் சுத்தம் செய்கையில் மிஞ்சும் தோலுக்கும் பிய்ந்த கால்களுக்கும் இந்தத் தொல்லைகள் எவையும் இல்லை. இரண்டு மூன்று மீன்கள் கடித்தாலும் அவை முள்ளிலேயே நிற்கும்.

அளவும் முக்கியம். கிழங்கானின் வாய் சிறியது. மணலைக் கிளறிப் புழுவையும் சிறு இறாலையும் தின்னும் மீன் அது. அதற்குக் கடலைப்பருப்பு அளவுக்கு மேல் இரை கூடாது. நாங்கள் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் மீன்கழிவும் சேர்த்து உருண்டை பிடித்து, மீன்களைக் கூட்டுவதற்காக அலைக்குள் வீசியதும் உண்டு. கரையில் அமர்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தார். “இந்த ஓட்டத்துக்கு உங்க உருண்டை நாகப்பட்டினத்துக்குப் போயிருக்கும் தம்பி. மீனும் பின்னாலேயே போயிருக்கும்” என்றார்.

அந்தப் பெரியவரோடு ஏற்பட்ட பழக்கமே இக்கட்டுரைக்குக் காரணம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையிலிருந்து தள்ளிக் கட்டப்பட்ட வீடுகளில் ஒன்றில் அவர் குடியிருக்கிறார். நாள்தோறும் நடந்து கரைக்கு வருகிறார். அவருடைய மகன்கள் விசைப்படகுத் தொழிலாளிகள். தடைக்காலத்தில் அவர்களுக்கு வேலையில்லை. ஒருநாள் எங்கள் சம்படத்தைத் திறந்து காட்டச் சொன்னார். உப்பிட்ட மத்தியை எடுத்து விரலால் இழுத்துப் பார்த்து, சரிதான் என்பதுபோலத் தலையசைத்தார். பிறகு, எவ்வித வருத்தமும் தொனிக்காத குரலில் இப்படிச் சொன்னார்: “எங்க பசங்க ரெண்டு மாசம் கரையில குந்தியிருக்கானுங்க. நீங்க லீவுக்கு வந்து புடிக்கிறீங்க. புடிங்க, வேணாங்கல. கணக்கு வெச்சுப் புடிங்க.”

தடை விசைப்படகுகளுக்கானது. கரையில் நின்று கைநரம்பு வீசும் எங்களை அது தொடாது. சட்டம் எதையும் நாங்கள் மீறவில்லை. ஆனால் அவர் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. மீனை நம்பிப் பிழைப்பவர் கைகட்டி நிற்கிற பருவத்தில், பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவருக்கு எந்த அளவும் இல்லை என்பது சரிதானா என்றே கேட்டார். அன்றிரவு திண்ணையில் இதைப் பற்றி வெகுநேரம் பேசினோம். நாங்கள் பிடிக்கும் பத்துப் பன்னிரண்டு மீன்களால் கடல் வற்றிவிடாது என்றார் எங்களில் ஒருவர். கணக்கு என்று அவர் சொன்னது கடலின் கணக்கையா, நம் கணக்கையா என்று கேட்டார் மற்றொருவர்.

மறுநாள் காலை பிள்ளைகள் இரை தேடக் கிளம்பினர். அலை வடியும் ஈர மணலில், நொடியில் புதைந்துகொள்ளும் கொடுக்கற்ற சிறுநண்டுகள் உண்டு. அவையும் நல்ல இரை என்று கேள்விப்பட்டிருந்தார்கள். எங்கள் தங்கையின் பத்து வயது மகள் ஒன்றைத் தோண்டியெடுத்துக் கவிழ்த்தாள். அதன் அடிவயிற்றில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைத் திரள் ஒட்டியிருந்தது. “பெரியம்மா, இது அம்மா நண்டு” என்று சொல்லிவிட்டு, எங்கள் பதிலுக்குக் காத்திராமல் அதை மணலில் விட்டாள். அது பின்புறமாகவே புதைந்து மறைந்தது. அவள் எங்களை நிமிர்ந்து பார்த்தாள். திண்ணைப் பேச்சில் முடிவுக்கு வராத கணக்கு அப்போது முடிவுக்கு வந்தது என்று சொல்லலாம்.

நாங்கள் வகுத்துக்கொண்ட முறை எளியது. ஒரு நாளைக்கு ஒரு சம்படம் இரை. அதை முந்தைய இரவே செய்துவிடவேண்டும். இரை தீர்ந்ததும் நரம்பைச் சுற்றிவிடவேண்டும். பிடித்த மீனை வெட்டி இரையாக்கக் கூடாது. உள்ளங்கைக்குள் அடங்கும் மீனும், வயிறு புடைத்துச் சினை தெரியும் மீனும் திரும்பக் கடலுக்கே. எத்தனை மீன் பிடிப்போம் என்பது நம் கையில் இல்லை. எவ்வளவு இரை செய்வோம் என்பது நம் கையில் இருக்கிறது. அடுக்களையில் மனம் அமைதியாக இருக்கும்போதே அளவு முடிவாகிவிடுகிறது. நரம்பு அதிரும்போது எந்த முடிவும் எடுக்கவேண்டியதில்லை.

உறவினர் ஒருவர் எங்கள் பாட்டைப் பார்த்து இரங்கி, ரப்பரில் செய்த செயற்கை இறால்கள் சிலவற்றை வாங்கிவந்தார். அழகானவை; ஒளி பட்டால் மின்னும். அழுகாது, நாறாது, கரையாது. எங்களை யோசிக்கவைத்ததும் அந்தக் கரையாமைதான். தீராத இரைக்கு அந்திவரை வீசலாம், மறுநாளும் வீசலாம். நிறுத்தச் சொல்ல எதுவும் இல்லை. ஆயினும் அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. உண்மையான இரையை மீன் ஆழமாக விழுங்கிவிடும். முள் தொண்டையில் சிக்கினால் திருப்பி விட்டாலும் பிழைப்பது அரிது. செயற்கை இரையில் பெரும்பாலும் உதட்டில்தான் முள் ஏறும். இதை மறுக்க முடியவில்லை. ஆகவே முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளுக்கு மாறினோம். அது தொண்டையில் பற்றாமல் வழுக்கிவந்து வாயோரத்தில் பற்றுகிறது. வெடுக்கென்று சுண்டி இழுக்கும் பழக்கத்தை மட்டும் விடவேண்டும். பிள்ளைகள் எங்களுக்கு முன்பே விட்டுவிட்டார்கள்.

சென்ற விடுமுறையின் கடைசி மாலையில் இந்த முறைக்கு ஒரு சோதனை வந்தது. பகல் முழுதும் கெளிறுகள் இரையை அரித்துத் தின்றிருந்தன. (கெளிற்று முள்ளில் நஞ்சு உண்டு, குத்திவிட்டால் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அமிழ்த்தி வைப்பதும் மருத்துவரைப் பார்ப்பதும் நல்லது.) சம்படத்தில் இரண்டே துண்டுகள் எஞ்சியிருந்தபோது, கற்களுக்கு அப்பால் நீர் கொதிப்பதுபோலத் துள்ளத் தொடங்கியது. நெத்திலிக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு பாரைக் குஞ்சுகள் கரைக்கே வந்துவிட்டன. முதல் துண்டுக்கு ஒரு பாரை. இரண்டாவது துண்டுக்கு இன்னொன்று. பிறகு சம்படத்தில் உப்பு மட்டும் மிஞ்சியது. மீன் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. வாளியில் கிடந்த கெளிற்றை நறுக்கினால் இருபது துண்டுகள் தேறும். எல்லோர் கண்ணும் அந்த வாளியில்தான் இருந்தது. மூத்த பையனுக்குப் பதினாறு வயது. பாரைக்காக ஒரு வாரம் காத்திருந்தவன் அவன். எங்களையும் பார்க்கவில்லை, வாளியையும் பார்க்கவில்லை. நரம்பைக் கட்டையில் சுற்றத் தொடங்கினான். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. சற்று நேரம் கல்லின்மேல் உட்கார்ந்து, மீன்கள் துள்ளுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். நாங்களும் அவனருகில் உட்கார்ந்தோம். தூண்டில் கையில் இருந்திருந்தால் அந்தக் காட்சியை அவ்வளவு முழுமையாகப் பார்த்திருக்கமாட்டோம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அவனிடம் அதைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவனுக்கு அது ஆறுதலாகவும் இருந்திராது.

இரண்டு பாரைகளில் ஒன்றைப் பெரியவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். மறுநாள் நாங்கள் ஊருக்குக் கிளம்பும்போது, வாழையிலையில் பொதிந்த ஒரு பிடி இறால் தலைகளைக் கொடுத்துவிட்டார். வெயிலில் நன்றாகக் காய்ந்தவை. அடுத்த மே மாதம் வரை கெடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவை இப்போது எங்கள் அடுக்களையில் ஒரு கண்ணாடிக் குப்பியில் இருக்கின்றன. வீட்டுக்கு வருபவர்கள் ஏதோ சமையலுக்கானது என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.