வேலிக்கு அப்பால் கேட்ட சத்தம்

எங்கள் வாப்பா புகையிரதப் பகுதியில் வேலை பார்த்தவர். நீண்ட பிடி போட்ட சுத்தியலால் வண்டிச் சில்லுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போவார். நல்ல சில்லு மணி போல ஒலிக்கும். வெடிப்பு விழுந்த சில்லு ஓட்டைச் சட்டி போலச் சத்தம் தரும். ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் பாதை ஏறத்தாழ 45 அடிக்கு ஓர் அடி உயர்வது. அந்தச் சரிவில் வெடித்த சில்லோடு ஒரு வண்டி இறங்கினால் என்னவாகும் என்று அவருக்குத் தெரியும். "கண்ணுக்கு முந்திக் காது காணும் மகன்" என்பார்.

அந்த வார்த்தை, ராத்தாவின் மகன் கட்டாரிலிருந்து ஒரு வில்லோடு வந்தபோது மீண்டும் ஞாபகத்துக்கு வந்தது. நாம் படங்களில் காணும் வில் அல்ல அது. இரு முனைகளிலும் கப்பிகள், குறுக்கும் மறுக்குமாய்க் கம்பிகள். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து அலன் என்பவர் 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969இல் பெற்ற கண்டுபிடிப்பு. முழுதாக இழுத்த பிறகு கைக்குப் பாரம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆறுதலாகக் குறி பார்க்கலாம். மருமகன் வேட்டைக்குப் போகிறவன் அல்ல. வில்லுக்குரிய கடிதங்களை ஒரு கோப்பில் ஒழுங்காக வைத்திருந்தான். அஸருக்குப் பிறகு வளவின் பின்புறம், மண் மேட்டுக்கு முன்னால் பழந்துணி திணித்த சாக்கைத் தொங்கவிட்டு, 20 மீற்றரிலிருந்து எய்வான். அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சத்தம்! ராத்தா நடுங்கிப்போனாள். 2018 மார்ச்சில் திகனப் பக்கம் எரிந்ததை நாங்கள் மறக்கவில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வீடு வீடாகத் தேடுதல் நடந்தபோது, குர்பானுக்கு வைத்திருந்த கத்தியை எங்கே வைப்பது என்று விடிய விடிய யோசித்தவள் அவள்.

"அந்தச் சத்தத்த நிப்பாட்டுங்க தம்பி. இல்லாட்டி அந்தச் சாமான ஊட்டுல வெக்க ஏலா."

மாமாவும் மருமகனும் உட்கார்ந்தோம். எனக்கு வில்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். வில்லில் சேர்ந்த சக்தி முழுவதும் அம்போடு போய்விடுவதில்லை. மிஞ்சுவது வில்லையே உலுக்குகிறது. அந்த உலுக்கல்தான் சத்தம். தளர்ந்த இடமெல்லாம் அதைப் பெருக்கும். வேட்டைக்காரர்கள் இதற்கு ஏன் இவ்வளவு அஞ்சுகிறார்கள் என்று மருமகன் கணக்குச் சொன்னான். செக்கனுக்கு 80 மீற்றர் போகும் அம்பு 20 மீற்றரைக் கடக்கக் கால் செக்கன் எடுக்கும். சத்தமோ அதில் கால்வாசி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். அம்பு வருமுன் மான் பதுங்கிவிடும்.

முதலில் வில்லை விரலால் தட்டிக் கேட்டேன். குறிகாட்டியின் திருகாணி ஒன்று கிணுகிணுத்தது. பிறகு வில்லில் பூட்டியிருந்த அம்பறாத்தூணி, குறிகாட்டி என்று கழற்றக்கூடியவற்றைக் கழற்றிவிட்டு ஓர் அம்பு எய்யச் சொன்னேன். பின் ஒவ்வொன்றாகப் பூட்டி ஒவ்வோர் அம்பு. எதைப் பூட்டும்போது சத்தம் கூடுகிறதோ அதுதான் குற்றவாளி. அம்பில்லாமல் நாணை இழுத்துவிட மட்டும் அவன் விடவில்லை. சக்தி போக இடமின்றி வில்லே வெடித்துச் சிதறலாம் என்றான்.

கிணுகிணுப்புக்குத் திருகாணியை இறுக்கினோம். அம்பு தாங்கியில் எழுந்த கீச்சொலிக்கு வெல்வெட் துண்டு ஒட்டினோம். அம்பறாத்தூணியைக் கழற்றித் தரையில் வைத்தோம். நாணின் அதிர்வுக்கு றப்பர் குஞ்சங்கள் கட்டினோம். கடைசியில் அம்பையே மாற்றினோம். வேகத்துக்கு ஆசைப்பட்டு அவன் மெல்லிய அம்பு வைத்திருந்தான். 60 இறாத்தல் வில்லுக்கு 300 கிரெயின், அதாவது ஏறத்தாழ 19 கிராம் என்பது பலரும் கொள்ளும் குறைந்த அளவு. அவனது அம்பு அந்த விளிம்பில் நின்றது. 26 கிராம் அம்பு வந்ததும் வில் அடங்கிப்போனது. பாரமான அம்பு சக்தியில் கூடிய பங்கைத் தானே சுமந்து போகிறது.

ராத்தாவுக்குத் திருப்தி. எனக்கு இல்லை. நாங்கள் கேட்டது எங்கள் பக்கத்துச் சத்தத்தை. அவள் பயந்தது வேலிக்கு அப்பால் கேட்கும் சத்தத்துக்கு. அதை அங்கே நின்றல்லவா கேட்க வேண்டும்?

பக்கத்து வளவுச் சீயா வீட்டுக்குப் போனேன். ஒரு காலத்தில் பெருநாளைக்கு எங்கள் வட்டிலப்பம் அங்கே போகும்; சித்திரை வருடத்துக்கு அவர்கள் கிரிபத் இங்கே வரும். 2019க்குப் பிறகு தட்டுகள் போய்வருவது குறைந்தது. சண்டை ஒன்றும் இல்லை. நாங்களும் போகவில்லை, அவர்களும் வரவில்லை.

வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"முன்பு இரண்டு சத்தம் கேட்கும் மாஸ்டர். போன கிழமை ஒன்று நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் இவர்கள் எதை மறைக்கிறார்கள் என்று யோசித்தேன்."

எனக்கு முகம் சுட்டது. சத்தத்தைக் குறைத்து நாங்கள் சந்தேகத்தைக் கூட்டியிருக்கிறோம்.

வேலியோரம் இருவரும் நின்றோம். மருமகன் எய்தான். வில்லின் ஓசை மெல்லிய தும்மல் போல வந்தது. அடுத்த கணம் 'டமார்' என்றது.

"அது தகரம்" என்றார் சீயா.

சாக்குக்குப் பின்னால், மழைக்கு மண் கரையாதிருக்க மருமகன் சாத்திவைத்த பழைய கூரைத் தகரம்! அம்பு பட்டதும் சாக்கு பின்னே போய் அதில் மோதுகிறது. எய்கிற பக்கம் நின்ற நாங்கள் இரண்டையும் பிரித்துக் கவனிக்கவில்லை. இத்தனை நாளாக வில்லை மட்டும் சந்தேகித்திருக்கிறோம்.

சீயா எங்கள் வளவுக்கு வந்தார். வில்லைக் கையில் வாங்கிப் பாரம் பார்த்தார். கோப்பைத் திறந்து காட்ட மருமகன் ஓடினான். அவர் வேண்டாம் என்று கையசைத்தார். தகரத்தை மூவருமாக அப்புறப்படுத்தினோம். அதனிடத்தில் போட அவர் வீட்டிலிருந்தே பழைய தும்புப் பாய் ஒன்று வந்தது. ராத்தா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

இப்போதும் அந்திக்கு ஒரு சின்ன ஓசை இருக்கத்தான் செய்கிறது. அதையும் எடுத்துவிட இன்னொரு றப்பர் வாங்கட்டுமா என்று மருமகன் கேட்டான். வேண்டாம் என்றேன். அந்தச் சத்தம் கேட்டால், பொடியன் வேலையால் வந்துவிட்டான் என்று தெரிந்துகொள்கிறாராம் சீயா.