இரண்டு ஊர்களின் கணக்கு

பெங்களூருவின் ஆஸ்டின் டவுனில் தமிழர் பலர் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அங்குள்ள குறுகிய தெரு ஒன்றில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பெற்றோருடனும் பாட்டியுடனும் வாடகை வீட்டில் வசித்தாள். வீட்டு உரிமையாளர் வாடகையை உயர்த்தப்போவதாகக் கூறிய நாள்முதல், வீட்டில் ஒரே பேச்சுதான்: எந்த ஊருக்குக் குடிபெயர்வது?

தந்தை ஓசூரைச் சொன்னார். பாட்டியோ தாம் பிறந்த கோலார் தங்கவயலைச் சொன்னார். “இருவர் சொல்வதையும் எழுதிப் பார், அம்மா” என்றார் தந்தை. மாணவி தன் குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் வரைந்தாள்.

முதலில் வாடகையை எழுதினாள். இரண்டு ஊர்களிலும் அது பெங்களூருவைவிடக் குறைவு. தங்கவயலில் மிகக் குறைவு. அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் விலையில் பெரிய வேறுபாடு இல்லை.

அடுத்தது பயணச் செலவு. தாய் துணிக்கடை ஒன்றில் பணிபுரிந்தார். கர்நாடக அரசு 2023 ஜூன் மாதம் முதல் அம்மாநிலப் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் வழங்குகிறது. ஓசூர் பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலேயே இருந்தாலும், அது தமிழ்நாட்டில் உள்ளது. அங்குக் குடியேறி முகவரியை மாற்றினால் அச்சலுகை கிடைக்காது. தங்கவயல் கர்நாடகத்திலேயே உள்ளது. ஆயினும் தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் தொடர்வண்டியில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருவுக்கு வேலைக்கு வருகின்றனர்.

மாணவி மூன்றாவதாக ‘நேரம்’ என்று எழுதினாள். போக இரண்டு மணி, வர இரண்டு மணி எனக் கொண்டாலும், 25 வேலை நாள்களுக்கு 100 மணி நேரம் ஆகும். அதாவது, மாதத்தில் நான்கு பகலும் நான்கு இரவும் தந்தை பயணத்திலேயே கழிப்பார்! இச்செலவு எந்த இரசீதிலும் இல்லை.

“பாட்டி, தங்கவயலில் மட்டும் வாடகை ஏன் இவ்வளவு குறைவு?” என்று அவள் வினவினாள்.

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “1902ஆம் ஆண்டிலேயே மின்விளக்கு எரிந்த ஊர், கண்ணே அது! 2001ஆம் ஆண்டில் சுரங்கத்தை மூடினார்கள். வேலை போயிற்று, வேலையைத் தேடி ஆள்களும் போனார்கள். ஓசூரில் தொழிற்சாலைகள் பெருகின, வாடகையும் ஏறியது. வீடு மலிந்த ஊரில் வேலை அரிது” என்றார்.

மறுவாரம் அக்குடும்பம் ஓசூருக்கும் செல்லவில்லை, தங்கவயலுக்கும் செல்லவில்லை. அடுத்த தெருவில், ஓர் அறை குறைந்த வீட்டிற்கு மாறியது. மாணவி படிக்கும் சன்னலோர இடம் இப்போது இல்லை. அவள் சமையலறை வாயிலில் அமர்ந்து படிக்கிறாள். ஆனால், மாலை ஏழு மணிக்குத் தந்தை வீட்டில் இருக்கிறார். குறிப்பேட்டின் கடைசி வரியில் அவள் அதனையும் வரவாக எழுதி வைத்தாள்.

அருஞ்சொற்பொருள்
குடிபெயர்தல் – வாழும் இடத்தை விட்டு வேறிடம் செல்லுதல்
மலிவு – குறைந்த விலை
அரிது – எளிதில் கிடைக்காதது

சிந்தித்து எழுதுக
1. தங்கவயலில் வாடகை குறைந்ததற்குப் பாட்டி கூறிய காரணம் யாது?
2. மாணவி நேரத்தையும் கணக்கில் சேர்த்தது சரியா? உம் கருத்தை எழுதுக.
3. உம் பெற்றோரின் சொந்த ஊரையும் நீவிர் வாழும் ஊரையும் ஒப்பிட்டு, இதுபோல் ஓர் அட்டவணை அமைக்க.