போகாத வீடுகள்

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் நான் தவறிழைத்தது ஊருக்கு. ஊர் அறியவும் சொல்ல வேண்டும். எங்கள் பங்கில் இருந்த வின்சென்ட் தே பவுல் சபை நின்றுபோனதற்கு நான்தான் காரணம்.

1833இல் பாரிசில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் தோழர்களோடு தொடங்கிய சபை அது. ஏழையின் வீட்டுக்கு நாமே போக வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் கிளையும் அப்படித்தான் நடந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் கூடுவோம். ஜெபம், மினிட் வாசிப்பு, அப்புறம் இரகசியப் பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. பிறகு இரண்டிரண்டு பேராகச் சைக்கிளில் திருச்சுழி சாலையில் கிளம்புவோம். மழை பொய்த்த வருஷங்களில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த வீடுகள், தறி ஓடாத வீடுகள். ஐந்து கிலோ அரிசியை இறக்கிவைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசி வருவோம். 1997இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் ஓசானாமுக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தபோது நாங்கள் பதினாறு பேர்.

அதற்குப் பிறகு நான் செயலாளரானேன். வெயிலும் அலைச்சலும் சலித்துப்போய், மளிகைக் கடையில் சொல்லிவைத்துச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அரிசி வேண்டியவர்கள் நடந்து வந்து வாங்கிப் போனார்கள். மினிட் நோட்டில் மட்டும் வாரம் தவறாமல் 'சந்தித்தோம், நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் என்று தெரிந்த அறிக்கையைக் கேட்க யார் வாராவாரம் வருவார்கள்? பதினாறு ஏழாயிற்று, ஏழு மூன்றாயிற்று.

2011 ஜூனில் ரேஷனில் விலையில்லா அரிசி வந்ததும், இனி நமக்கு வேலையில்லை என்று நோட்டை மூடினேன். கேட்டவர்களிடம், பிள்ளைகளெல்லாம் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள் என்று காரணம் சொன்னேன்.

சில மாதம் கழித்து, கரிமூட்டத்தில் வேலை பார்த்த ஆத்தா ஒருவர் கோயில் வாசலில் என்னை நிறுத்தினார். "அரிசிதான் ரேசன்லயே கெடைக்குதேய்யா. நீங்க வந்து உக்காந்து பேசுவீகளே, அதத்தான் காணோம். ஞாயித்துக்கெழமன்னா பாய எடுத்துப் போட்டு வச்சிருப்பேன்" என்றார். எத்தனை வருஷமாக என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் பெயருக்கு நேரே நான் 'நலம்' என்று எழுதிய வாரங்களெல்லாம் அவர் பாய் விரித்துக் காத்திருந்த வாரங்கள்.

வீட்டுக்குள் போக அரிசி ஒரு சாக்கு. அந்தச் சாக்கையே சபை என்று நினைத்துவிட்டேன்.

நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 'சந்தித்தோம்' என்ற பொய்களை ஒவ்வொன்றாகச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 'போகவில்லை' என்று எழுதி வருகிறேன். முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் ஒப்படைப்பேன். சபையை மறுபடி தொடங்க நினைக்கும் பிள்ளைகள் முதலில் அதைப் படிக்கட்டும்.